நோயாளியை இறக்கிவிட்டுச் சோதியுங்கள்: எக்ஸ்ரே கோளாறுகள், அறிகுறி வாரியாக

மும்பையில் சயான், தாராவி, செம்பூர் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே பிரிவு என்றால் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் இயந்திரம், ஷிப்டுக்கு ஒரு டெக்னீஷியன். இயந்திரம் முரண்டு பிடித்தால் சர்வீஸ் இன்ஜினியர் அந்தேரியிலிருந்தோ தானேயிலிருந்தோ நெரிசலைக் கடந்து வந்து சேர வேண்டும். அதுவரை வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டெக்னீஷியன்தான். அந்த நெருக்கடியில் வாயில் வரும் வாக்கியம் ஒன்று உண்டு: "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்." கோளாறு இயந்திரத்தில் இருக்க, கதிரை வாங்குவது நோயாளி. இந்த வழிமுறை முழுவதும் அந்த வாக்கியத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, சந்தேகம் வந்ததும் நோயாளியை மேசையிலிருந்து இறக்கி வெளியே உட்கார வைத்துவிடுங்கள். சோதனை எக்ஸ்போஷர் (ஒருமுறை கதிர் பாய்ச்சுவது) வேண்டுமென்றால் மேசைமேல் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றை வையுங்கள்; மூடி இறுக்கமாக இருக்கட்டும், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். இயந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே அந்தக் கேனை ஒரே தூரம், ஒரே கே.வி. (டியூபின் மின்னழுத்தம்), ஒரே எம்.ஏ.எஸ். (மின்னோட்டமும் நேரமும் சேர்ந்த அளவு) வைத்துப் படமெடுத்து, பட உணரிக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று திரையில் காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணை நோட்டில் குறித்து வைத்திருந்தால், கோளாறு வரும் நாளில் ஒப்பிட ஒரு அளவுகோல் கையில் இருக்கும். இல்லாதவர்கள் நாளைக் காலையே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, ஜெனரேட்டர் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே 40,000 முதல் 1,50,000 வோல்ட் வரை உருவாகிறது. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிர்பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கத் தோன்றினால், அந்த இடத்தில் டெக்னீஷியனின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே எரியவில்லை

சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை முதலில் பாருங்கள். தரை துடைக்கும் கம்போ, ஸ்ட்ரெச்சரின் முனையோ இடித்து அது அமுங்கியிருப்பது மிகச் சாதாரணம். திருகினால் வெளியே வந்துவிடும். அடுத்து சுவரில் உள்ள எம்.சி.பி. (சர்க்யூட் பிரேக்கர்) விழுந்திருந்தால் ஒரு முறை மட்டும் ஏற்றிப் பாருங்கள். மறுபடியும் விழுந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. பிடித்து அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

அறையில் விளக்கும் ஏ.சி.யும் ஓடுகின்றன, இயந்திரம் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால், பெரிய நிலையான இயந்திரங்கள் மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுபவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு ஃபேஸ் போனாலும் விளக்கு வேறொரு ஃபேஸில் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்டெபிலைசரின் திரையில் மூன்று அளவுகளும் வருகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது அழைக்க வேண்டியவர் மருத்துவமனையின் எலெக்ட்ரீஷியன்.

மும்பைக்கென்று ஒரு காரணம் தனியாக உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்த அளவுக்கு வேண்டாம், சாதாரண ஜூலை மழையிலேயே தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. எக்ஸ்ரே அறைகளோ பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. கனமான இயந்திரம், ஸ்ட்ரெச்சரில் வருபவர்கள், கீழே ஆட்கள் இல்லாத தரை, எல்லாம் சேர்ந்து அதை அங்கே இறக்கிவிடுகின்றன. தரைக்கு அடியில் ஓடும் கேபிள் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், மேலே தரை காய்ந்து பளபளப்பாக இருந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. பள்ளத்தின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் மெயின் அணைந்தபடியே இருக்கட்டும். மின்விசிறி வைத்து நாமே உலர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பது இதில் செல்லாது. காப்புத்தடையை (கேபிளின் மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் அளவு) அளந்து பார்த்து இன்ஜினியர் அனுமதித்த பிறகே மின்சாரம்.

எல்லாம் எரிகிறது, 'ரெடி' மட்டும் வரவில்லை

திரையில் எர்ரர் எண் வந்திருந்தால், ரீசெட் செய்யும் முன் அதை எழுதி வையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுங்கள். அணைத்துப் போட்டால் எண் மறைந்துவிடும், அதோடு இன்ஜினியருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே தடயமும் போய்விடும்.

எண் இல்லையென்றால் எளிய காரணங்கள்: கதவு சரியாகச் சாத்தவில்லை, மேசைக்குப் பதில் சுவர் ஸ்டாண்ட் தேர்வாகியிருக்கிறது, படத்தைப் பதிவுசெய்யும் டிடெக்டர் உறக்கத்தில் இருக்கிறது, அல்லது அதன் பேட்டரி இறங்கிவிட்டது. இவை எதுவும் இல்லை, காலையிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பரிசோதனைக் கூட்டம் வரிசையில் நிற்கிறது என்றால், எக்ஸ்ரே உருவாகும் டியூப் சூடாகியிருக்கிறது. டியூபுக்குள் செலவாகும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட எக்ஸ்ரே ஆவதில்லை, மீதி அத்தனையும் வெப்பம். காத்திருப்பதுதான் மருந்து. வெப்பப் பாதுகாப்பைத் தாண்டிவிட ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்லித் தர வந்தால் காது கொடுக்காதீர்கள்.

பிரெப் அழுத்தும்போது வழக்கமில்லாத சத்தம்

பழகிய டெக்னீஷியனுக்குத் தன் இயந்திரத்தின் சத்தம் தெரியும். ஹேண்ட் சுவிட்சின் முதல் அழுத்தத்தில், அதாவது பிரெப்பில், டியூபுக்குள் இருக்கும் ஆனோடு தட்டு சுழலத் தொடங்கும். சாதாரண டியூபில் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. சீராக ஏறும் ஒலி சரி. கரகரப்பு, உரசல், அல்லது சுவிட்சை விட்ட பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றுபோவது, இவை பேரிங் தேய்வின் அடையாளங்கள். ஒலியே இல்லை என்றால் தட்டு சுழலவில்லை. சுழலாத தட்டின் ஒரே இடத்தில் எலெக்ட்ரான் கற்றை விழுந்தால் அந்த இடம் உருகிவிடும். அதனால்தான் இயந்திரமே எக்ஸ்போஷரை மறுக்கிறது. அந்த மறுப்புக்கு மரியாதை கொடுங்கள்.

டியூபின் ஆயுளைக் குறைக்கும் பழக்கம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. குழந்தை அழுகையை நிறுத்தட்டும் என்று முதல் அழுத்தத்திலேயே விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பது. அந்த நேரம் முழுவதும் எலெக்ட்ரான்களை உமிழும் டங்ஸ்டன் இழை உச்ச வெப்பத்தில் இருக்கிறது, டங்ஸ்டன் ஆவியாகி உள் கண்ணாடியில் படிகிறது, படிவு கூடக் கூட உள்ளே மின்பொறி பாயும் வாய்ப்பும் கூடுகிறது. முதலில் நோயாளியின் நிலையைச் சரிசெய்யுங்கள், மூச்சைக் கவனியுங்கள், பிறகு இரண்டு அழுத்தத்தையும் அடுத்தடுத்துக் கொடுங்கள். டியூப் விலை தெரிந்த நிர்வாகி இந்தப் பத்தியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுவார்.

இரவெல்லாம் ஏ.சி. குளிரில் கிடந்த டியூபுக்குக் காலையில் முதல் வேலையாகப் பெரிய எக்ஸ்போஷர் கொடுப்பதும் தவறு. குளிர்ந்த தட்டு திடீர் வெப்பத்தில் விரிசல் விடலாம். தயாரிப்பாளர் கையேட்டில் வார்ம்-அப் வரிசை இருக்கும். கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரை மூடிவிட்டு, அறையில் ஆளில்லாமல் அதைச் செய்யுங்கள்.

'டப்' என்ற வெடிப்பு ஒலி, எண்ணெய்ச் சொட்டு, கருகல் வாடை

இங்கே ஆராய்ச்சி வேண்டாம். அணையுங்கள், பூட்டுங்கள், அழையுங்கள். டியூப் உறைக்குள் இருக்கும் எண்ணெய்தான் காப்பும் குளிர்ச்சியும் தருகிறது. அது கசிந்தால் இரண்டும் போகின்றன. வெடிப்பு ஒலி டியூபுக்குள்ளோ, உயர் மின்னழுத்த கேபிளின் முனையிலோ பொறி பாய்வதாக இருக்கலாம். பழைய கட்டடங்களில் எலி கடித்த கேபிள் உறையும் அபூர்வமில்லை. அணைந்திருக்கும்போது கேபிளைத் தொடாமல் கண்ணால் மட்டும் பார்த்து, கடித்த தடம் இருந்தால் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்போஷர் நிற்கவில்லை, அல்லது வழக்கத்தைவிட நீள்கிறது

விரலை எடுங்கள். எடுத்தும் ஒலி நிற்கவில்லையென்றால் எமர்ஜென்சி பொத்தான், அதற்கும் அடங்கவில்லையென்றால் மெயின். பிறகுதான் நோயாளியிடம் போக வேண்டும். கே.வி., எம்.ஏ. (டியூபின் மின்னோட்டம்), ஏறத்தாழ எத்தனை நொடி என்று எழுதி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் அன்றே கொடுங்கள்; நோயாளி பெற்ற அளவை மதிப்பிட அந்த மூன்று எண்களும் தேவை.

ஆனால் விரலை எடுத்தால் நிற்கிறது, எடுக்காவிட்டால் மட்டும் நீள்கிறது என்றால் பெரும்பாலும் தேர்வுப் பிழை. தானியங்கி எக்ஸ்போஷர் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறீர்கள், நோயாளி மேசையில் படுத்திருக்கிறார், கட்டுப்பாட்டுப் பலகையில் சுவர் ஸ்டாண்ட் தேர்வாகியிருக்கிறது. சுவரில் உள்ள உணரிக்குக் கதிரே வரவில்லை, அதனால் அது 'போதும்' என்று சொல்லவே இல்லை. இயந்திரம் தானே நிறுத்தும் காப்பு வரம்பு வரும்வரை கதிர் ஓடுகிறது. படமும் கிடைக்காது. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் நோயாளி பெறுவது அந்த வரம்பின் முழு அளவு. ஒவ்வொரு முறையும் பிரெப் அழுத்தும் முன் தேர்வு விளக்கின் மேல் ஒரு பார்வை போதும்.

படம் கோளாறு

அதிக நேரம் பறிபோவதும் அதிகத் தவறு நடப்பதும் இங்கேதான்.

*முழுவதும் வெறுமை.* கதிர் வந்ததா என்று முதலில் கேளுங்கள். எக்ஸ்போஷர் ஒலியும் பலகையில் எம்.ஏ.எஸ். பதிவும் இருந்தால் வந்தது. அப்படியானால் டிடெக்டர் கற்றைக்கு நேரே இல்லை, கம்பியில்லா இணைப்பு அறுந்தது, கொலிமேட்டர் மூடியிருந்தது, இவற்றில் ஒன்று. இணைப்பு அறுந்திருந்தால் படம் டிடெக்டரின் நினைவகத்திலேயே தங்கியிருக்கக்கூடும். மறுபடி எடுக்கும் முன் மீட்டுப் பாருங்கள்.

*பொடிப்பொடியாக, மணல் தூவியது போல.* கதிர் போதவில்லை. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: தொழில்நுட்ப அளவு குறைவாக வைத்திருக்கிறீர்கள், அல்லது சரியான அளவு வைத்தும் இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது. பிரித்தறிய, வந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் டீவியேஷன் இன்டெக்ஸைப் பாருங்கள். அது 0 என்றால் இலக்கு அளவு. சுமார் −3 என்றால் பாதி. +3 என்றால் இரட்டிப்பு. ஒரு பருமனான நோயாளிக்கு மட்டும் −3 வந்தால் அளவு பிரச்சினை. ஒல்லி, பருமன் எல்லோருக்கும் நேற்றைவிட இறங்கியிருந்தால் இயந்திரப் பிரச்சினை. தண்ணீர்க் கேன் இங்கேதான் பேசும்: பழைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துப் போகவில்லையென்றால் மின்னழுத்தம் இறங்குகிறதா என்று ஸ்டெபிலைசரைப் பார்த்துவிட்டு இன்ஜினியரை அழையுங்கள்.

இதைச் செய்யாமல் பலரும் செய்வது கே.வி.யை ஏற்றுவது. 70 கே.வி.யிலிருந்து 80க்கு ஏற்றுவது படத்தின் கருமையைப் பொறுத்தவரை எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்குவதற்குக் கிட்டத்தட்ட சமம். படம் அழகாகிவிடும், கோளாறு மறைந்துவிடும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

*படம் மிக நன்றாக இருக்கிறது.* இதையும் ஓர் அறிகுறியாகவே வைக்கிறேன். ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருத்துப்போகும், ரேடியாலஜிஸ்ட் திட்டுவார். டிஜிட்டலில் கதிர் இரண்டு மடங்கானாலும் மென்பொருள் சரிசெய்து கண்ணுக்கு இன்னும் தெளிவாகக் காட்டும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். டீவியேஷன் இன்டெக்ஸ் தொடர்ந்து +3 பக்கம் நிற்கிறதென்றால் உங்கள் அறையில் நோயாளிகள் தேவைக்கு இரட்டிப்பாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். புகார் வராத இந்தக் கோளாறைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானதாக நினைக்கிறேன்.

*ஓரங்கள் மங்கல்.* நடுப்பகுதி நன்றாக, இரு பக்கமும் சமமாக மங்கியிருந்தால் கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயக் கீற்றுத் தகடு) தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அதன் குவிதூரத்துக்குப் பொருந்தாத தூரத்தில் டியூப் நிற்கிறது. 100 சென்டிமீட்டருக்கான கிரிட்டை 180 சென்டிமீட்டர் மார்பு எக்ஸ்ரேக்கு மாட்டினால் இதுதான் நடக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் டியூபின் மையம் விலகியிருக்கலாம். வார்டில் கட்டில்மேல் மெத்தை பள்ளத்தில் கிரிட் சாய்ந்து கிடக்கும்போதும் அப்படித்தான். படம் முழுவதும் மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் பக்கிக்குள் (மேசையிலோ சுவர் ஸ்டாண்டிலோ கிரிட் இருக்கும் பெட்டி) கிரிட்டை அசைக்கும் மோட்டார் நின்றிருக்கலாம்.

*ஒரே ஒரு கோடு.* சி.ஆர். கேசட் (உள்ளிருக்கும் பிளேட்டில் பதிந்த படத்தை ரீடர் படிக்கும் முறை) வைத்திருப்பவர்கள் வேறொரு கேசட்டை மாற்றிப் போடுங்கள். கோடு கேசட்டோடு போய்விட்டால் பிளேட்டில் கீறல். புதிய கேசட்டிலும் அதே இடத்தில் வந்தால் ரீடருக்குள் தூசி. படத்தை நேரே கணினிக்கு அனுப்பும் டி.ஆர். டிடெக்டரில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கோடு நின்றால் கேலிப்ரேஷன் செய்து பாருங்கள், போகாவிட்டால் பிக்சல் வரிசை செத்திருக்கிறது. டிடெக்டர் கீழே விழுந்ததா என்று மாமா, மௌசி என்று நாம் அழைக்கும் வார்டு ஊழியர்களை அதட்டாமல் விசாரியுங்கள். அதட்டினால் பதில் 'இல்லை' என்றுதான் வரும்.

*முந்தைய நோயாளியின் நிழல்.* பிளேட் சரியாக அழியவில்லை. ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த சி.ஆர். பிளேட்டைப் பயன்படுத்தும் முன் அழித்துவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் மின்செலவை மிச்சப்படுத்த ஞாயிறு முழுவதும் ஏ.சி.யை அணைத்துவைக்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை ஏ.சி.யைப் போட்டு அறை குளிர்ந்ததும் ஈரம் படிந்து, டிடெக்டர் தள்ளாடும். எல்லை ஈரப்பதம் கையேட்டில் அச்சிட்டிருக்கும். சுவரில் ஓர் ஈரப்பதமானி மாட்டிவிட்டால் வாதம் சுருங்கும்.

கொலிமேட்டர் விளக்கும் கதிரும் ஒத்துப்போகவில்லை

வெளிச்சம் காட்டும் சதுரத்துக்குள் உறுப்பை வைத்தும் படத்தில் ஓரம் வெட்டுப்பட்டு வருகிறதா? ரூபாய் நாணயங்கள் போதும். டியூபை 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, டிடெக்டர்மேல் ஒரு சதுர வெளிச்சத்தை அமையுங்கள். நான்கு விளிம்பிலும் இரண்டிரண்டு நாணயம்: ஒன்று விளிம்புக்கு உள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் விளிம்புக் கோட்டில் தொட்டுக்கொள்ளட்டும். குறைந்த எக்ஸ்போஷர் கொடுத்துப் படத்தில் கதிரின் ஓரம் நாணயங்கள் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். ஏற்கத்தக்க விலகல் தூரத்தில் 2 சதவீதம், அதாவது இங்கே 2 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் சர்வீஸ்.

விளக்கு எரியவே இல்லையென்றால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பல்பை மாட்ட வேண்டாம். அதே வகை பல்பு, மாற்றியபின் மறுபடி நாணயச் சோதனை. அதுவரை கொலிமேட்டரை முழுவதும் திறந்துவிட்டு 'எப்படியும் உறுப்பு உள்ளே வந்துவிடும்' என்று எடுப்பது கூடாது. கைமூட்டுக்கு வந்தவரின் வயிறு வரை கதிர் விழும்.

டியூப் தலை தானாக இறங்குகிறது, பூட்டு வழுக்குகிறது

எதிர்எடையைத் தாங்கும் கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றைய வேலை அத்துடன் சரி. கட்டுத்துணியால் கட்டி ஓட்டும் வித்தையை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். அந்தக் கனமான தலைக்கு அடியில் படுத்திருப்பது ஒரு நோயாளி.

டி.எல்.டி. பேட்ஜில் அளவு கூடி வந்திருக்கிறது

பணியாளர் வாங்கிய கதிரைப் பதிந்துவைக்கும் இந்த பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய் அறிக்கையாக வருகிறது. பணியாளருக்கு இந்திய வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர் அளவின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. முறையாக நடக்கும் பொது எக்ஸ்ரே அறையில் அந்த அளவை நெருங்கவே காரணம் இல்லை. ஆகவே எண் திடீரென எகிறினால் முதலில் பேட்ஜின் கதையை விசாரியுங்கள். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனோடு சேர்த்து அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனீர்களா? நண்பர் இரவல் வாங்கினாரா? ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டியதை வெளியே அணிந்தீர்களா?

பேட்ஜ் குற்றமற்றது என்றால் அடுத்தது ஏப்ரன். மடித்துவைத்தால் உள்ளிருக்கும் ஈயத்தாள் விரிசல் விடும். வெளித்துணி புதிதுபோலவே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதை மேசையில் விரித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் விரிசல் கோடாகத் தெரியும். அதற்கும் அடுத்தது நம் பழக்கம். நோயாளியின் உடலிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் சிதறி வருவது விழும் கற்றையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நாளுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைகளைப் பிடித்துக்கொள்வதைத் தினசரி வேலையாக்கிக்கொண்டவருக்குச் சேர்ந்துவிடும். பிடிக்கத்தான் வேண்டுமென்றால் கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர், ஏப்ரனுடன். வார்டுக்குத் தள்ளிச் செல்லும் மொபைல் யூனிட்டில் ஹேண்ட் சுவிட்ச் வயர் இரண்டு மீட்டராவது நீளும். அதை முழுவதும் இழுத்துக்கொண்டு நில்லுங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. "தம்பி, மெஷினை அணைத்த பிறகும் உள்ளே கதிர் இருக்குமா? நான் கதவோரம் உட்காரலாமா?" என்று பாட்டிகள் கேட்பார்கள். எக்ஸ்போஷர் முடிந்த நொடியே கதிரும் முடிந்துவிடுகிறது, அறையில் எதுவும் மிஞ்சாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடையில் நடந்த விபத்தைச் செய்தியில் கேட்டவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. அங்கே இருந்தது கோபால்ட்-60, தானாகக் கதிர்வீசும் பொருள். எக்ஸ்ரே டியூபில் அப்படி எதுவும் கிடையாது.

இன்ஜினியர் வந்து சரிசெய்துவிட்டார்

டியூப், கொலிமேட்டர், ஜெனரேட்டர் இவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் தரச் சோதனை முடியாமல் நோயாளியை ஏற்றக்கூடாது. அறிக்கையில் கே.வி. விலகல் 5 கே.வி.க்குள், நேர விலகல் 10 சதவீதத்துக்குள், டியூப் உறைக் கசிவு ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரேக்குள் இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். பழுது இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. உரிமமும் இயந்திர விவரமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா இணையதளத்தில் பதிவாகியிருக்கின்றன. இயந்திரத்தை மாற்றினாலோ கழித்துக்கட்டினாலோ அங்கே தெரிவிக்க வேண்டும். வாரியத்தின் தலைமையகம் அணுசக்தி நகரில்தான் இருக்கிறது, செம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்.

இன்ஜினியர் இன்னும் வரவில்லை, ஷிப்ட் முடிகிறது என்றால் இயந்திரத்தின்மேல் 'பயன்படுத்தாதீர்கள்' என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் இரவு வருபவருக்குப் புரியாது. எர்ரர் எண், கடைசியாக வைத்த அளவுகள், கேட்ட சத்தம், நேரம் நான்கையும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, மெயினைப் பூட்டிய சாவியைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.